கட்டுநாயக்க சொன்னால் இறங்கிவிடலாமா?

கேள்வி: அண்ணா, நான் டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை. இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடைக்கு வந்த பழைய பாகங்களையும் சேர்த்து ஒரு மெஷின் போட்டு ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன்.

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏ320 ஒன்றைக் கொண்டுவந்தேன். பொத்துவில் கரையைத் தாண்டி, 9,000 அடியில் நுவரெலியாவைக் கடக்கும்போது, சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கிற ஏடிசி, அதாவது விமானக் கட்டுப்பாட்டாளர், 4,000 அடிக்கு இறங்கச் சொன்னது. நானும் சொன்ன சொல்லைத் தட்டாமல் இறங்கினேன். வெளியே ஒரே முகில். திடீரென்று "புல் அப், புல் அப்" என்று விமானம் கத்தியது. முகிலுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு தேயிலை மலை வந்தது, அதோடு திரை கறுத்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தால் விழுந்த இடம் எங்கள் லயத்திலிருந்து நடந்து போகிற தூரம்!

தனியாக விற்கிற ஏடிசி ஆட்-ஆன் ஒன்று வாங்கினால் இது சரியாகுமா? எதை வாங்கலாம்? மைக்கில் பேசுகிற ப்ரோக்ராம்களுக்கு நம்முடைய உச்சரிப்பு விளங்குமா? இப்போதே அம்மா, "ராத்திரியில யாரோட இங்கிலீசுல பேசிக்கிட்டு இருக்க?" என்று கேட்கிறார்.

— ஒரு வாசகர், டிக்கோயா

பதில்: தம்பி, நீங்கள் விழுந்த இடத்துக்கு மேற்கே ஐந்தாறு மைல் தள்ளி, 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஒரு நிஜ விமானம் இதே மாதிரி இறங்கிக்கொண்டு வந்தது. நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஏழு கன்னி மலையைக் காட்டி "பிளேன் விழுந்த மலை" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த விமானத்தின் டயர் ஒன்றை நோர்ட்டன்பிரிட்ஜில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எந்த ஆட்-ஆன் வாங்குவது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் பாதி அந்த மலையில்தான் கிடக்கிறது.

மார்ட்டின்ஏர் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டிசி-8 அது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜெத்தா போகிற வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வேண்டும். யாத்திரிகர் 182 பேர், விமானத்தார் 9 பேர். இரவு பத்து மணிக்குப் பிறகு கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையம் முதலில் 5,000 அடிக்கு இறங்க அனுமதி கொடுத்தது. சில நிமிஷத்தில் 2,000 அடிக்கு அனுமதி கிடைத்தது. விமான நிலையம் கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்றார்கள். கண்ணில் படவில்லை. 4,355 அடி உயரத்தில் மலை குறுக்கே நின்றது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

4,355 அடி எவ்வளவு என்று விளங்க நீங்கள் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். ஹட்டன் ரயில் நிலையத்தின் உயரம் 4,141 அடி. அதாவது, கடலோரத்தில் இருக்கிற ஓடுபாதையைத் தேடிக்கொண்டு வந்த ஒரு பெரிய ஜெட், ஹட்டன் பிளாட்பாரத்தைவிட இருநூறு அடிதான் உயரத்தில், இருட்டில், மலைகளுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது. அவர்களுக்குக் கிடைத்த 2,000 அடி அனுமதியோ கிட்டத்தட்ட நாவலப்பிட்டியின் உயரம்.

அனுபவமுள்ள விமானிகள் ஏன் அப்படி இறங்கினார்கள்? இதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது, உங்களுக்கும் வேண்டியது. சாதாரணமாக ஒரு ஜெட் ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் எடுக்கும். 4,355 அடியில் இருக்கிற விமானம் ஓடுபாதைக்கு 13 மைல் சொச்சத்தில் இருக்க வேண்டும். மலையோ கட்டுநாயக்கவிலிருந்து 40 மைல் கிழக்கே. இருபத்தைந்து மைலுக்கு மேல் பிசகு. அந்தக் காலத்து விமானங்கள் கடலுக்கு மேலே தங்கள் இடத்தைக் கணக்கிட டாப்ளர் என்ற கருவியை நம்பின. கீழே அலைகளை அனுப்பி, அவை திரும்புவதை வைத்து வேகத்தையும் பக்கவாட்டு விலகலையும் அளக்கும் கருவி அது. நீண்ட கடல் பயணத்தில் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். விசாரணை அறிக்கையும் இதையே சொன்னது: டாப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பித் தங்கள் இடத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள்.

இப்போது உங்கள் கணினிக்கு வருவோம். 1974இல் கொழும்பில் இருந்தவருக்கு மலை எங்கே என்று நன்றாகத் தெரியும். விமானம் எங்கே என்பதற்கு விமானிகள் சொன்ன கணக்குத்தான் ஆதாரம். உங்கள் சிமுலேட்டருக்குள் இருக்கிற ஏடிசிக்கு விமானம் எங்கே என்று அடி பிசகாமல் தெரியும். மலையைப் பற்றித்தான் அதற்குக் கவலையே இல்லை. ஓடுபாதையின் உயரம், உங்கள் தூரம், வரிசையில் முன்னால் யார் என்று பார்த்து இறக்கத்தைக் கணக்குப் போடும். கட்டுநாயக்க கடல்மட்டத்தை ஒட்டி இருப்பதால் 4,000 என்பது அதற்கு ஒரு சாதாரண இலக்கம். இரண்டு தரப்பிலும் ஓட்டை வேறு வேறு இடத்தில் இருக்கிறது, விழுகிற மலைநாடு மட்டும் ஒன்று.

"அப்படியென்றால் கட்டுப்பாட்டாளர் எதற்கு?" என்று கேட்பீர்கள். தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை "இன்றைக்கு ஏழாம் நம்பர் மலை" என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார். ஒரே மலைக்கு இரண்டு கூட்டம் போய் முட்டிக்கொள்ளாமல் பார்ப்பது அவர் வேலை. போகிற வழியில் எந்தப் படி வழுக்கும், எந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்பது கூடையோடு நடக்கிறவர் பார்வை. விமானக் கட்டுப்பாட்டின் முதல் வேலையும் விமானத்தோடு விமானம் மோதாமல் பிரித்து வைப்பது. ராடாரில் உங்களைப் பார்த்துக்கொண்டு "இந்தத் திசைக்குத் திரும்பு, இந்த உயரத்துக்கு இறங்கு" என்று அவரே வழி கொடுத்தால், அப்போது மலையும் அவர் பொறுப்பில் வந்துவிடும். இன்று பிதுருதலாகலை உச்சியிலேயே ராடார் நிற்கிறது. 1974இல் நடந்த மாதிரி, நீங்கள் இருக்கிற இடத்தை நீங்களே அறிவித்துக்கொண்டு இறங்கும்போது மலை உங்கள் பொறுப்பு. சிமுலேட்டர் ஏடிசி என்ன செய்கிறது என்றால், ராடாரில் பார்க்கிற அதிகாரியின் குரலில் பேசிக்கொண்டு, கணக்கப்பிள்ளையின் வேலையை மட்டும் பார்க்கிறது. ஆபத்தே அந்தக் குரலில்தான்.

இந்தக் குழப்பம் நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை. மார்ட்டின்ஏர் விபத்துக்கு மூன்றே நாள் முன்னால், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்து டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்த டிடபிள்யூஏ 514 ஒரு மலை முகட்டில் மோதி 92 பேர் இறந்தார்கள். "அணுகலாம்" என்று கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். 1,800 அடிக்கு இறங்குவது பத்திரம் என்று அந்தச் சொல்லுக்கு விமானிகள் பொருள் எடுத்துக்கொண்டார்கள். அவர் நினைத்தது அதுவல்ல. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்! அதன்பிறகுதான் அமெரிக்காவில் விமானத்துக்குள் தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. உங்கள் ஏ320 "புல் அப்" என்று கத்தியதே, அது அந்தக் கருவியின் குரல்தான்.

ராடார் இருந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஜெத்தாவிலிருந்து திரும்பிய ஐஸ்லாந்து நிறுவனத்தின் டிசி-8 ஒன்று கட்டுநாயக்க ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். இலங்கை விசாரணை விமானிகளைக் காட்டியது; ஐஸ்லாந்துத் தரப்பு தரையிலிருந்த வழிகாட்டிக் கருவியையும் கட்டுப்பாட்டாளரையும் காட்டியது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கம் இடம் அல்ல.

சரி, ஆட்-ஆன். பணம் போடுவதற்கு முன் வாட்சிமைப் பாருங்கள். 2001இலிருந்து நடக்கிற இலவச வலையமைப்பு. ஐவாவோ இன்னும் மூத்தது, 1998. இரண்டிலும் மறுமுனையில் இருப்பது ப்ரோக்ராம் அல்ல, பயிற்சி எடுத்துக்கொண்டு ஆசைக்கு வந்து உட்காரும் மனிதர்கள். வாட்சிமில் சேரும்போது ஒரு சிறு பாடமும் பரீட்சையும் உண்டு, கஷ்டமில்லை. பேசக் கூச்சமாக இருந்தால் எழுத்திலேயே பதில் கொடுக்கலாம். குறை ஒன்றுதான்: நீங்கள் பறக்கிற நேரத்தில் கொழும்புப் பகுதியில் ஆள் இருப்பார் என்று நிச்சயமில்லை. ஆள் இல்லாதபோது 122.800 என்ற பொது அலைவரிசையில் நீங்களே அறிவித்துக்கொண்டு இறங்க வேண்டும். என்னைக் கேட்டால், புதிதாகப் பழகுகிறவனுக்கு அதுவே நல்ல பாடம். தன் இடத்தைத் தானே சொல்லிப் பழகுகிறான் அல்லவா?

எந்த நேரமும் பேச ஆள் வேண்டும் என்றால்தான் விலைக்கு வாங்குவது. பைலட்டுஏடிசி பழைய ஆள். சில நாள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கத் தருகிறார்கள், எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரிலும் ஓடும், முறைகளைப் படிக்கிறவர்களுக்கு ஏற்றது. பியோண்ட்ஏடிசி ஒருமுறை விலை. சாதாரணக் குரல்கள் உங்கள் கணினியிலேயே ஓடும், உயர்தரக் குரல் வேண்டுமென்றால் மேலதிகக் காசு. சேஇன்டென்ஷன்ஸ் செயற்கை நுண்ணறிவில் ஓடுகிறது, நீங்கள் எப்படிச் சுற்றி வளைத்துப் பேசினாலும் விளங்கிக்கொள்ளும். ஆனால் மாதச் சந்தா, இன்டர்நெட்டும் விடாமல் இருக்க வேண்டும். ஹொட்ஸ்பொட்டில் சிமுலேட்டரின் நிலக்காட்சியையே இழுத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். டொலரில் மாதாமாதம் போகிற காசு சம்பளத்தில் தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆறு மாதம் வாட்சிம், பிறகு ஒருமுறை விலையில் கிடைப்பது ஒன்று. ஆட்-ஆன் வந்த மறுநாளே உங்கள் மலை பத்திரமாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். எதை வாங்கினாலும் முதல் வேலையாக, முகில் இல்லாத பகல் வெளிச்சத்தில், நீங்கள் விழுந்த அதே பாதையில் ஓட்டி, அது எந்த இடத்தில் என்ன உயரம் கொடுக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். மலையை அறிந்த ப்ரோக்ராமா இல்லையா என்பது அந்த ஒரு பயணத்தில் வெளிச்சமாகிவிடும்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "த்ரீ" என்று நாக்கைப் பல்லுக்கு நடுவே வைக்கச் சொல்லி ஆங்கில டீச்சர் படாதபாடு பட்டிருப்பார். விமானப் போக்குவரத்தின் சர்வதேச விதியோ, அலைவரிசையில் மூன்றை "ட்ரீ" என்றும் ஆயிரத்தை "டவ்சண்ட்" என்றும் சொல்லச் சொல்கிறது. நம் வாய்க்கு இயல்பாக வருவது அதுவேதான். ஐந்தை "ஃபைஃப்", ஒன்பதை "நைனர்" என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகக் கேட்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மெதுவாக, ஒரே வேகத்தில், விதியிலுள்ள சொற்களை விதியிலுள்ள வரிசையில் பேசினால் உச்சரிப்பு பெரிய தடை இல்லை. தடை வேறு இடத்திலிருந்து வரும். நான் ஒருமுறை லயத்துப் பக்கம் உறவினர் வீட்டிலிருந்து ஒரு ப்ரோக்ராமோடு பேசிக்கொண்டிருந்தேன். மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் அதற்கு என் குரல் கேட்கவேயில்லை. அதைவிட மோசம், மழையையே நான் பேசுவதாக எடுத்துக்கொண்டு "மீண்டும் சொல்லுங்கள், மீண்டும் சொல்லுங்கள்" என்று பத்து நிமிஷம் கெஞ்சியது. அன்றிலிருந்து பொத்தானை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். வாய்க்குப் பக்கத்தில் வருகிற மைக் உள்ள ஹெட்செட் ஒன்றும் வேண்டும். உங்கள் கடையிலேயே கிடக்கும்.

திருப்பிச் சொல்வதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். மலைநாட்டு ரயில் பாதையில் டேப்லட் வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைத் தண்டவாளம், அந்த வட்டத்தைக் கையில் வாங்காமல் டிரைவர் அடுத்த நிலையத்துக்கு எஞ்சினை நகர்த்தமாட்டார். விமானத்தில் அந்த வட்டத்துக்குப் பதிலாகக் கைமாறுவது வெறும் சொற்கள். "டிசெண்ட் ஃபோர் டவ்சண்ட்" என்று அவர் கொடுத்ததை நீங்கள் இலக்கத்தோடு திருப்பிச் சொன்னால்தான் அது கைமாறியதாகக் கணக்கு. வெறும் "ரோஜர்" போதாது. திருப்பிச் சொல்கிற அந்த இரண்டு விநாடியில் இலக்கம் காதில் இரண்டாவது முறை விழுகிறது, இந்த இடத்தில் இந்த உயரமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. நீங்கள் அந்த இரவு நாலாயிரத்தைத் திருப்பிச் சொன்னீர்களா, இல்லை திரையில் வந்த வரியை அமத்திவிட்டு இறங்கினீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லை.

எந்த ஆட்-ஆனும் சொல்லித்தராத ஒரு சொல் இருக்கிறது: "அனேபிள்". முடியாது என்று அர்த்தம். "அனேபிள், டெரெய்ன்" என்றால் மலை இருக்கிறது, இறங்கமாட்டேன். நம் பிள்ளைகளுக்கு இது வாயில் வருவதே கஷ்டம். மேலே இருக்கிறவர் சொன்னால் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிற பழக்கம் நம்மிடம் பல தலைமுறையாக ஊறியிருக்கிறது. வானத்தில் அந்தப் பழக்கம் வேலைக்கு ஆகாது. நிஜக் கட்டுப்பாட்டாளர் அந்தச் சொல்லைக் கேட்டுக் கோபப்படமாட்டார், வேறு வழி கொடுப்பார். ப்ரோக்ராம்கள் சில அதே இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சொல்லட்டும், நீங்கள் உயரத்தை விடாதீர்கள்.

எந்த உயரத்தை விடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. வரைபடங்களில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் குறைந்தபட்ச உயரம், கட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த இடத்துக்கு மேலே, மலை 5,000 அடியைத் தாண்டினால் 2,000 அடி சேர்த்துப் போடுவது. பிதுருதலாகலை 8,281 அடி. இரண்டாயிரத்தைச் சேர்த்தால் 10,281, வட்டமாக 10,300. இப்போது மூன்று மைல் கணக்கையும் போடுங்கள். ஹட்டன் கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் 45 மைல் சொச்சம், அப்படியானால் ஹட்டனுக்கு மேலே நீங்கள் இருக்க வேண்டியது 15,000 அடி சொச்சம். நுவரெலியாவுக்கு மேலே 18,000. ஒழுங்காக இறங்குகிற விமானத்துக்கு நம் மலை ஒரு பிரச்சினையே இல்லை, தம்பி. நீங்கள் நுவரெலியாவிலேயே 9,000க்கு வந்துவிட்டீர்கள் என்றால், அந்த 4,000க்கு வெகு முன்னாலேயே ஏடிசியின் பேச்சைக் கேட்டுச் சீக்கிரம் இறங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். கினிகத்தேனை கழிந்து கித்துல்கலைப் பக்கம் மலை சட்டென்று கீழே விழுகிறது; அதைத் தாண்டும்வரை 10,300 அடிக்குக் கீழே போவதில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சிம்ப்ரீஃப் என்ற இலவசத் திட்டமிடும் தளத்தில் பாதையைப் போட்டுப் பார்த்தால் எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்பதும் கிடைக்கும்.

அம்மாவுக்குக் கட்டுநாயக்கவோடு பேசுகிறேன் என்று சொல்லுங்கள். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, ஏ320ஐ விட்டுவிட்டு ஒரு சிறிய செஸ்னா கடல்விமானத்தை எடுத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கிக் காட்டுங்கள். நிஜத்திலேயே கடல்விமானங்கள் வந்து இறங்கிய தண்ணீர் அது. அங்கே கோபுரமும் இல்லை, கட்டுப்பாட்டாளரும் இல்லை. மலையைக் கண்ணால் பார்த்துத்தான் வர வேண்டும். அம்மாவுக்கு எந்த மலை எது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பிறகு கோலாலம்பூர்ப் பயணத்தை மறுபடி ஓட்டுங்கள். ஹட்டனுக்கு மேலே உயரமானி என்ன காட்டியது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.